மூணாங்கட்டைக்கு ஆறு பதிப்புகள்: இணைய வரைபடப் பதிவுகளும் ஊர்ப்பெயர்களும்



இன்றைய உரையின் தலைப்பைக் கேள்வியுற்ற நண்பர் ஒருவர், “ஒலியனும் உருபனும் கற்பித்துக் காலங்கழித்தவர் கணினி வரைபடத்தைப் பற்றி என்ன பேசப் போகிறீர்?” என்றார். நியாயமான கேள்விதான். நான் நிரல் எழுதத் தெரிந்தவன் அல்லன். ஆயினும் ஓய்வு பெற்றபின் ஊர்ப்பெயர்களைத் தொகுக்கப் போய், ஒரு பெயரில் நானே பிழை செய்து, அந்தப் பிழை அச்சேறி, அச்சிலிருந்து மீண்டும் வரைபடத்துக்குத் திரும்பி வந்ததைக் கண்டவன். அந்த அனுபவத்தை முன்வைத்தே இன்று பேசுகிறேன்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த உலக வரைபடத்தை உங்களிற் பலர் அறிந்திருப்பீர்கள். 2004ஆம் ஆண்டு பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கியது. கணக்கு ஒன்றைத் திறந்துகொண்ட எவரும் அதில் ஒரு சாலையைச் சேர்க்கலாம், ஒரு பெயரைத் திருத்தலாம். இவ்வளவு திறந்து கிடக்கும் ஒன்று எப்படிக் குலையாமல் நிற்கிறது என்ற கேள்வி எழும். அங்கே எதுவும் அழிக்கப்படுவதில்லை என்பது விடையின் முதற்பகுதி.

ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். ஊரைக் குறிக்கும் புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஓர் அடையாள எண் உண்டு. அகலக்கோடும் நெடுங்கோடும் உண்டு. இவை பாகைக்குப் பின் ஏழு தசம இடங்கள் வரை சேமிக்கப்படுகின்றன. நிலநடுக்கோட்டை ஒட்டி வாழும் நமக்கு அந்த ஏழாம் இடம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். பிறகு குறிச்சொற்கள்: பெயர் இன்னது, தமிழில் பெயர் இன்னது, இஃது ஊர், அல்லது கோயில், அல்லது பள்ளி என்பன. இவற்றோடு பதிப்பு எண் ஒன்றும், மாற்றிய நாளும் நேரமும், மாற்றியவர் கணக்கின் பெயரும், எந்த மாற்றத் தொகுதியில் அது நிகழ்ந்தது என்ற எண்ணும் சேர்ந்திருக்கும். முதன்முதல் இட்டவர் பதிவு பதிப்பு 1. ஒருவர் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் முழுப் பதிவும் பதிப்பு 2 ஆகப் புதிதாகச் சேமிக்கப்படும். முதற்பதிப்பு அப்படியே பின்னால் இருக்கும். நீக்கினாலும் அதுவே. ‘இனிக் காட்டாதே’ என்ற குறியுடன் மேலும் ஒரு பதிப்பு உண்டாகும். அந்த அடையாள எண் வேறெதற்கும் மறுபடி வழங்கப்படுவதில்லை.

தமிழ் மாணவர்க்கு இது புதிய எண்ணமன்று. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல சுவடிகளைத் தேடி ஒப்புநோக்கினார். பாடபேதங்களைக் குறித்து வைப்பது பதிப்பாசிரியர் கடமை என்பதைத் தம் பதிப்புகளால் நமக்குக் காட்டியவர் அவர். சுவடிக்கு நேர்ந்த கேட்டையும் நீங்கள் அறிவீர்கள். பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதியபின், சிதைந்த பழையதை ஆற்றில் விட்டுவிடும் வழக்கம் இருந்தது. எழுதியவர் எங்கே பிழைபட்டார், எங்கே தாமாகத் திருத்தினார் என்பதை ஒப்பிட்டறிய மூலம் இல்லாமற் போயிற்று. பதிப்பெண் வைத்துச் சேமிக்கும் தரவுத்தளம் பழைய ஏட்டை ஆற்றில் விடுவதில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன்.

ஒரு பழைய ரப்பர்த் தோட்டம். ஆங்கிலக் கணக்கேடுகளில் அதற்கு ஸ்காட்லாந்து ஊர் ஒன்றின் பெயர். இன்று பால்மரங்கள் இல்லை, லயங்கள் இல்லை, தாமான் ஒன்று எழுந்துள்ளது, அதற்கு அழகான மலாய்ப் பெயர் உண்டு. அங்கே வாழ்ந்த தமிழர்கள் இவ்விரு பெயர்களில் எதையும் சொன்னதில்லை. நகரத்திலிருந்து மூன்றாவது மைற்கல்லில் இருந்ததால் ‘மூணாங்கட்டை’ என்றார்கள். மலாயில் பத்து என்பது கல்லையும் மைலையும் குறிப்பதுபோல நம்மவர் வழக்கில் கட்டை என்பது மைலாயிற்று. இந்நாட்டுத் தமிழின் சொந்தச் சொல் அது. தமிழகத்திலிருந்து வருபவர்க்கு விளக்கினால்தான் விளங்கும். மைல் போய்க் கிலோமீட்டர் வந்தபின்னும் கட்டை நிலைத்தது.

வரைபடத்தில் அவ்வூர்ப் புள்ளியின் முதற்பதிப்பில் மலாய்ப் பெயர் மட்டும் இருந்தது. இரண்டாம் பதிப்பில் யாரோ ஒருவர் தமிழ்ப்பெயராக ‘மூணாங்கட்டை’ என்று சேர்த்திருந்தார். மாணவர் சிலரோடு தோட்டப் பெயர்களைத் தொகுத்துக்கொண்டிருந்த நான் அதைப் பார்த்தேன். கை சும்மா இருக்கவில்லை. மூணு என்பது பேச்சு வழக்கு. மூன்று என்பதே எழுத்து வழக்கு. எனவே ‘மூன்றாங்கட்டை’ என்று திருத்திச் சேமித்தேன். மூன்றாம் பதிப்பு. மாற்றத் தொகுதியின் குறிப்பில் ‘எழுத்துப்பிழைத் திருத்தம்’ என்று வேறு எழுதி வைத்தேன்.

சில மாதங்கள் கழித்து அந்த இரண்டாம் பதிப்பைச் செய்தவரிடமிருந்து வரைபடத்தின் வழியாகவே செய்தி வந்தது. “ஐயா, வணக்கம். என் அம்மா பிறந்த இடம் அது. அங்கே யாரும் மூன்றாங்கட்டை என்று சொன்னதில்லை. அது பிழையில்லைங்க ஐயா, பேரு.” இவ்வளவே.

மொழியியலில் முனைவர் பட்டம் பெற்ற ஒருவனுக்கு இதைவிடச் சுருக்கமாகப் பாடம் எடுக்க முடியாது. எண்ணுப்பெயர் இலக்கண விதிக்கு உட்பட்டது; இடுகுறியாகிப் போன ஊர்ப்பெயர் அங்கு வாழ்ந்தவர் நாவுக்கு உட்பட்டது. இதை வகுப்பில் ஆண்டுதோறும் சொன்னவன் நான். அன்றே பழைய வடிவத்தை மீட்டேன். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். மீட்டல் என்பது மூன்றாம் பதிப்பை நீக்குவதன்று. இரண்டாம் பதிப்பின் உள்ளடக்கத்தைக் கொண்ட நான்காம் பதிப்பை உண்டாக்குவது. என் பிழை மூன்றாம் பதிப்பாக, என் பெயரோடும் அந்தப் பெருமிதக் குறிப்போடும் அங்கேயே இருக்கிறது. எனக்குப் பின்னும் இருக்கும்.

இத்தோடு முடிந்திருந்தால் உங்கள்முன் வந்திருக்க மாட்டேன். இடைப்பட்ட மாதங்களில் எங்கள் தொகுப்பு அச்சாகியிருந்தது. வரைபடத்திலிருந்து அட்டவணையாகத் தரவை ஏற்றுமதி செய்து, அதைக் கொண்டே சிறு நூல் ஒன்றை வெளியிட்டிருந்தோம். ஏற்றுமதி என்றதும் கப்பலும் துறைமுகமும் நினைவுக்கு வருகின்றன. நல்ல மொழிபெயர்ப்பா என்பதில் எனக்கு ஐயமுண்டு. ஆயினும் கணினித் தமிழில் வேரூன்றிவிட்டது, இருக்கட்டும். அந்த அட்டவணையில் பெயர் இருந்தது, இடம் இருந்தது. பதிப்பெண் இல்லை, நாள் இல்லை. எடுத்த நேரத்தில் நடைமுறையில் இருந்தது என் மூன்றாம் பதிப்பு. ஆகவே நூலில் ‘மூன்றாங்கட்டை’. வரைபடத்தைத் திருத்தினேன், நூலை எப்படித் திருத்துவது?

ஓராண்டுக்குப் பின் புள்ளியைப் பார்க்கிறேன்: ஐந்தாம் பதிப்பு. மீண்டும் ‘மூன்றாங்கட்டை’. குறிப்பில், ‘அச்சு நூலின்படி சரிசெய்யப்பட்டது’ என்றிருந்தது. சான்றாகக் காட்டப்பட்டது எங்கள் நூல். என் பிழைக்கு நானே சான்றாகி நின்றேன். திருத்திய இளைஞர் மீது எள்ளளவும் குற்றமில்லை. நூலைப் பார், மேற்கோள் காட்டு என்று நாம்தானே அவர்களுக்குக் கற்பிக்கிறோம்?

இந்தச் சுழலை உடைத்தது பதிப்பு வரலாறுதான். இரண்டாம் பதிப்பின் நாளையும், நூல் வெளிவந்த நாளையும், ஐந்தாம் பதிப்பின் நாளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது எது எதிலிருந்து வந்தது என்பது தெளிவாயிற்று. சுவடிகளின் மூலவழி மரபை ஆராய்வோர் செய்வதும் இதுவே. அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால், வரைபடமும் நூலும் ஒத்துப்போகின்றன, எனவே இரண்டு சான்றுகள் என்று எவரும் முடிவு கட்டியிருப்பர்.

மாணவர்கள் இவ்விடத்தில் இரண்டு வகைக் காலங்களைப் பிரித்தறிய வேண்டும். பதிவு மாறிய காலம் ஒன்று. உலகம் மாறிய காலம் மற்றொன்று. நம் இலக்கணத்திலும் நிகழ்ச்சியின் காலம் வேறு, அதைச் சொல்லும் காலம் வேறு. தெலுக் அன்சன் 1982இல் தெலுக் இந்தான் ஆயிற்று. போர்ட் சுவெட்டன்ஹாம் 1972இல் போர்ட் கிள்ளான் ஆயிற்று. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தொடங்கியது 2004இல். ஆகவே எத்தனை பதிப்புகளைப் பின்னோக்கிப் புரட்டினாலும் தெலுக் அன்சன் ஊரின் நடப்புப் பெயராக இருந்த காலம் அங்கே தென்படாது. பழைய பெயர் என்ற தனிக் குறிச்சொல்லில் எவரேனும் இட்டிருந்தால்தான் உண்டு. பதிப்பு வரலாற்றை ஊரின் வரலாறு என்று மயங்கிக் கட்டுரை எழுதிய மாணவரை நான் கண்டிருக்கிறேன். புள்ளி முதலில் இடப்பட்ட ஆண்டை ஊர் தோன்றிய ஆண்டாகக் கொண்டுவிட்டார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சற்றுப் பொறுமையுடன் கேளுங்கள். சாலைக்கும் கட்டடத்துக்கும் சொந்தமாக இருப்பிட எண்கள் இல்லை. சாலை என்பது இன்ன இன்ன புள்ளிகளை இந்த வரிசையில் கோத்தது என்ற பட்டியல்தான். ஒருவர் நடுவிலுள்ள ஒரு புள்ளியைச் சற்றே நகர்த்தினால் புள்ளியின் பதிப்பெண் உயரும். சாலையின் பதிப்பெண் உயராது. சாலையின் வடிவமோ மாறிவிட்டது! எனவே ‘இந்தப் பள்ளியின் திடல் 2015இல் எப்படி இருந்தது’ என்று அறிய விரும்புவோர், திடலின் அக்காலப் பதிப்பை எடுத்து, அதில் குறிக்கப்பட்ட ஒவ்வொரு புள்ளிக்கும் அதே நாளில் எந்தப் பதிப்பு இருந்தது என்று தேடிப் பொருத்த வேண்டும். ஒரு வாக்கியம் நூறாண்டுகளாக ஓரெழுத்தும் மாறாமல் இருக்க, அதிலுள்ள சொற்களின் பொருள் மாறிப்போவதை ஒத்தது இது. ‘நாற்றம்’ என்ற ஒரு சொல்லை நினைத்துக்கொண்டால் போதும்.

இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால் என்ன ஆகும்? சேமிக்க அனுப்பும்போது, எந்தப் பதிப்பைப் பார்த்துத் திருத்தினோம் என்ற எண்ணையும் சேர்த்தே செயலி அனுப்புகிறது. நான் நான்காம் பதிப்பைத் திறந்து திருத்திக்கொண்டிருக்கையில் வேறொருவர் ஐந்தாம் பதிப்பைச் சேமித்துவிட்டால், என் திருத்தம் ஏற்கப்படாது. ‘நீ பார்த்தது பழையது, புதியதைப் பார்த்துவிட்டு வா’ என்று வழங்கி திருப்பி அனுப்பிவிடும். இந்த ஒரு சிறு கட்டுப்பாடு இல்லையெனில் கடைசியில் எழுதியவர் முன்னவர் எழுதியதை அறியாமலே அழித்துவிடுவார். பள்ளி மலருக்கு நால்வர் ஒரே கோப்பைத் திருத்தி மாற்றி மாற்றி அனுப்பிப் படும் பாட்டை ஆசிரியர்கள் அறிவீர்கள்.

தமிழ் எழுத்துக்கே உரிய தொல்லை ஒன்று இங்கே நுழைகிறது. கோலாலம்பூர் என்பதில் நமக்கு ஆறு எழுத்துகள். யூனிகோடு முறையில் அது பதினொரு குறிகள். யூடிஎஃப்-8 என்னும் சேமிப்பு வடிவில் 33 பைட்டுகள். முதலெழுத்தாகிய ‘கோ’வை இருவகையாகக் குறியேற்றலாம். ககரத்தின்பின் ஓகாரக் குறியை ஒரே அலகாக இடுவது ஒன்று; இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனி அலகுகளாக இடுவது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றே. யூனிகோடு நெறிப்படியும் இரண்டும் சமமானவையே. ஆனால் அதை ஒழுங்குபடுத்தாத நிரலுக்கு ஒன்று பதினொரு குறி, மற்றொன்று பன்னிரண்டு குறி. ஆகவே இரண்டு வேறு பெயர்கள். பதிப்புகளை ஒப்பிடும் கருவி ‘பெயர் மாறியது’ என்று காட்டும். மாறியது என்ன என்று நாம் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்ப்போம். ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சுவோரால் விளையும் குழப்பம் இதனினும் மோசம். அங்கே எந்த ஒழுங்குபடுத்தலும் உதவாது, ஏனெனில் அது குறியேற்ற வேறுபாடன்று, எழுத்துப்பிழையே.

ஏற்றுமதியின்போது இத்தொல்லைகள் பெருகும். தொண்ணூறுகளில் தோன்றி இன்றும் அலுவலகங்களில் வழங்கும் ஷேப்ஃபைல் என்னும் வடிவத்தில் ஒரு நிரலின் தலைப்புக்குப் பத்து எழுத்திடங்கள்தாம். உரை நிரல் ஒன்றுக்கு 254 பைட்டுகள். தமிழ்க்குறி ஒன்றுக்கு மூன்று பைட்டு என்பதால் 84 குறிகளுக்குமேல் இடமில்லை. நீண்ட பெயர்கொண்ட ஆலயங்கள் நடுவில் அறுபடும். எந்தக் குறியேற்றம் என்று சொல்லாமல் அனுப்பினால் தமிழ் முழுதும் கேள்விக்குறிகளாக வந்து சேரும். ஜியோஜேசன் என்னும் பிற்கால வடிவத்தில் இவ்வகை இடர் இல்லை. அது யூடிஎஃப்-8ஐயே கொள்கிறது. ஆயினும் அதில் நெடுங்கோட்டை முதலில் எழுத வேண்டும், அகலக்கோடு பின்னால். நம் வாய்வழக்கோ அகலக்கோடு, நெடுங்கோடு என்றே வரும். கோலாலம்பூருக்கு இதை மாற்றி எழுதினால் அகலக்கோடு 101 பாகை என்றாகும். அப்படி ஒன்று இல்லையாதலால் பிழை உடனே வெளிப்படும். சென்னைக்கு மாற்றி எழுதினால் அகலக்கோடு 80 பாகை, அது இருக்கிறது. மெரினாக் கடற்கரை ஆர்க்டிக் பனிக்கடலில் போய் நிற்கும். எந்தக் கருவியும் குறை சொல்லாது.

இவற்றைக் காட்டிலும் பெரிய இழப்பு, முன்னரே சொன்னதுதான். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் முழுத் தரவும் வாரந்தோறும் கோப்பாக வெளியிடப்படுகிறது. வழக்கமான கோப்பில் ஒவ்வொன்றின் இறுதிப் பதிப்பு மட்டுமே இருக்கும். அதில் பதிப்பெண் எழுதப்பட்டிருக்கும். ஆனால் முந்தைய பதிப்புகள் இரா. எல்லாப் பதிப்புகளும் அடங்கிய முழு வரலாற்றுக் கோப்பு தனியே உண்டு. அளவிற் பெரியது, அதைத் திறக்கத் தனிக் கருவிகள் வேண்டும். அதுவும் முற்றிலும் முழுமையானதென்று சொல்ல இயலாது. 2012இல் உரிமம் மாறியபோது புதிய உரிமத்துக்கு இசையாதவர்களின் பதிப்புகள் பொதுப்பார்வையிலிருந்து மறைக்கப்பட்டன. 2018இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தபின், நாடுவாரியாகப் பிரித்துப் பொதுவில் தரப்படும் பிரதிகள் சிலவற்றில் திருத்தியவர் பெயரும் நீக்கப்படுகிறது. அது தேவையான பாதுகாப்பே. ஒருவர் எந்தெந்தத் தெருவைத் திருத்தினார் என்பதிலிருந்து அவர் வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் பெயரை நீக்குவதற்காக நாளையும் பதிப்பெண்ணையும் சேர்த்து எறிய வேண்டிய தேவை இல்லை. நாங்கள் எறிந்தோம். அட்டவணையில் நிரல்கள் அதிகமாக இருந்தால் பார்வைக்கு நன்றாயில்லை என்பதே அப்போது எனக்குத் தோன்றிய காரணம்.

இந்நிலப்பகுதியின் ஊர்ப்பெயர்களைத் தமிழில் பதிந்த பழைய ஆவணம் ஒன்றை இங்கே நினைத்துக்கொள்கிறேன். இராசேந்திர சோழனின் கடற்படையெடுப்பைக் கூறும் தஞ்சைக் கல்வெட்டில் கடாரமும், இலங்காசோகமும், தலைத்தக்கோலமும், மாநக்கவாரமும் வரிசையாக வருகின்றன. பெயர்கள் ஆயிரம் ஆண்டு நின்றுவிட்டன; அவற்றுள் சில எந்த இடம் என்பதில் அறிஞர்கள் இன்றும் வேறுபடுகிறார்கள். பெயர் உண்டு, இருப்பிடம் இல்லை. நம் தோட்டங்களின் நிலை இதற்கு நேர்மாறு. செயற்கைக்கோள் படத்தில் ஒவ்வொரு மரமும் தெரிகிறது. அங்கிருந்தோர் அதை என்னவென்று அழைத்தார்கள் என்பது தெரிந்தவர்கள் எழுபதும் எண்பதும் கடந்தவர்கள். பள்ளி இடம்பெயர்ந்து நகரத்துக்குப் போயும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் நம்மிடையே உள்ளன. அங்குப் பயிலும் மாணவர்க்குத் தம் பள்ளிப் பெயரிலுள்ள தோட்டம் எங்கிருந்தது என்று காட்ட ஒரு புள்ளியும் இல்லை.

எங்கள் தொகுப்பின் இரண்டாம் பதிப்பை இப்போது ஆயத்தம் செய்து வருகிறோம். இம்முறை ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அடையாள எண், பதிப்பெண், எடுத்த நாள் மூன்றையும் அச்சிடுகிறோம். பக்கம் கொஞ்சம் நெருக்கமாகத்தான் இருக்கிறது. பெயரைச் சொன்னவர் யார், எந்த ஆண்டுகளில் அங்கே வாழ்ந்தார் என்பதைத் தனி ஏட்டில், அவர்தம் ஒப்புதலுடன் வைத்திருக்கிறோம். அஃது இணையத்துக்குப் போகாது. மூணாங்கட்டை இப்போது ஆறாம் பதிப்பில் இருக்கிறது. எழுத்துத் தமிழுக்கு மாற்ற வேண்டாம் என்று ஒரு குறிப்பும் இட்டிருக்கிறேன், என் போன்றோர்க்காக.

அந்தச் செய்தியை அனுப்பியவரோடு தொடர்பு நீடித்தது. சென்ற ஆண்டு அவர் தம் தாயாரை அழைத்துக்கொண்டு அவ்விடத்துக்குப் போனார். தாமானின் விளையாட்டுத் திடலுக்கும் கால்வாய்க்கும் நடுவில் நின்று, இங்கேதான் தோட்டத்து மாரியம்மன் கோயில் இருந்தது, இங்கே ஆயக்கொட்டகை, அதற்குப் பின்னால் எங்கள் லயம் என்று அந்த அம்மையார் காட்டியிருக்கிறார். கைப்பேசியில் இடத்தைக் குறித்துக்கொண்டு வந்தார். இன்று இல்லாத கட்டடத்தை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இடலாகாது. கண்ணெதிரே உள்ளதை மட்டுமே இடுவது அதன் நெறி. மறைந்தவற்றுக்கென்றே ஓப்பன்ஹிஸ்டாரிக்கல்மேப் என்று வேறொன்று இயங்குகிறது. அங்கே ஒவ்வொன்றுக்கும் தோன்றிய ஆண்டும் மறைந்த ஆண்டும் எழுதலாம். கோயிலை அங்கே சேர்த்தோம். மறைந்த ஆண்டை அம்மையார் உறுதியாகச் சொன்னார். தம் இளைய மகன் பிறந்த ஆண்டு என்பதால் மறக்கவில்லை. தோன்றிய ஆண்டு அவருக்குத் தெரியவில்லை. அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுச் சேமித்தோம். பதிப்பு 1.